முப்பத்து மூன்றாம் பக்கம்

"ஒரு வாரம் வீட்டுல இருங்க. நல்லா தூங்குங்க, புத்தகம் படிங்க, காலாற நடங்க. வாழ்க்கையைக் கொஞ்சம் அனுபவிங்க" என்று சொல்லி, பேருந்துப் பணிமனையின் மேலாளர் என் வீட்டுக்காரரை அனுப்பிவைத்தார். முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டிய மனிதருக்கு வாழ்க்கையை அனுபவிக்க ஒரு வாரம்! என்ன தாராள மனசு. அன்றைக்கு அந்த ஆள் என் எதிரில் வந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன்.

அது ஓய்வும் இல்லை, பரிசும் இல்லை. அதற்கு முந்தின சனிக்கிழமை ஒரு முடிதிருத்தும் கடையின் வாசலில் கிடந்த நாற்காலியின் மேல் இவர் பேருந்தை ஏற்றிவிட்டார். காலி நாற்காலி. கடைக்காரர் தண்ணீர் குடிக்க அப்போதுதான் எழுந்து உள்ளே போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் நாற்காலி அப்பளமாக நொறுங்கிக் கிடக்கிறது. மனிதர் கத்தவில்லையாம். நாற்காலியையும் தன் உடம்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மருத்துவப் பரிசோதனை, அதுவரை வண்டியைத் தொடக் கூடாது என்று மேலாளர் எழுத்தில் கொடுத்துவிட்டார். இதுதான் அந்த ஒரு வாரத்தின் கதை.

நானும் லீவு போட்டேன். ஒரு பெரிய நூலகத்தின் பின்கட்டில், புத்தகம் செப்பனிடும் அறையில் எனக்கு வேலை. கிழிந்து வரும் புத்தகங்களைப் பிரித்து, ஊசி நூல் கொண்டு தைத்து, பசை தடவி, புது அட்டை போட்டு அனுப்ப வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அங்கே இருக்கிறேன். சேர்ந்தாற்போல் ஒரு வாரம் லீவு கேட்டது அதுதான் முதல் தடவை. "என்னம்மா, ரெண்டாவது தேனிலவா?" என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். "ஆமா, உனக்கென்ன வயித்தெரிச்சல்?" என்றேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் ஆசை இருந்தது. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. இவர் விடிவதற்கு முன்னால் போவார், நான் வருவதற்குள் அசந்து தூங்கிவிடுவார். ஒரே வீட்டில் இரண்டு வாடகைதாரர்கள் மாதிரிதான் இருந்தோம்.

அந்தத் திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போது ஐந்து புத்தகங்களை எடுத்து வந்தேன். நாலு படிக்க, ஒன்று என் தப்பைச் சரிசெய்ய. அந்த ஐந்தாவது புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு மடிப்புக்கு எங்கள் வேலையில் பாரம் என்று பெயர். பாரங்களை வரிசையாக அடுக்கி, முதுகில் தைத்தால் புத்தகம். அந்தப் புத்தகத்தில் மூன்றாவது பாரத்தை நான் புரட்டிப் போட்டுத் தைத்துவிட்டேன். முப்பத்து மூன்றாம் பக்கத்திலிருந்து நாற்பத்தெட்டு வரை தலைகீழ். புத்தகத்தையே கவிழ்த்துப் பிடித்தால்தான் படிக்க முடியும். என் கைக்கு இப்படி ஒரு தப்பு வந்து பத்து வருஷம் இருக்கும். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று யாருக்கும் சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் பிரித்து, திருப்பித் தைத்து, கமுக்கமாகக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று திட்டம்.

ஒரு பெண், ஒரு கோவேறு கழுதையோடு மலையைத் தாண்டிப் போகிற கதை அது. செவ்வாய்க்கிழமை மதியம் ஐந்தையும் மேசையில் பரப்பி வைத்து, "எது வேணும்?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஒண்ணுதான். நீயே ஒண்ணைக் குடு" என்றார்.

"கழுதைக் கதை ஒண்ணு இருக்கு."

"அப்ப அதான் எனக்கு. நம்ம ஜாதி."

சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டேன். தைக்க வேண்டிய புத்தகம் என்பதே அந்தச் சிரிப்பில் மறந்துபோயிற்று. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காலை நீட்டி, கண்ணாடியை மாட்டி, ராஜா மாதிரி உட்கார்ந்தார். நான் துணி மடித்துக்கொண்டே பார்த்தேன். அப்பாடா, இந்த மனிதரை இப்படிப் பார்க்க முப்பது வருஷம் ஆயிற்றே என்று இருந்தது. ஒரு பக்கம், அடுத்த பக்கம், அடுத்த பக்கம். சீராகப் புரட்டினார். நடுவில் ஒரு தடவை தலையை ஆட்டி ரசித்துக்கொண்டார்.

தேநீர் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தேன். குனிந்தபோது பக்கம் கண்ணில் பட்டது. எழுத்தெல்லாம் காலை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. மூன்றாவது பாரம். இவர் விரல் வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தது.

"எப்படிங்க இருக்கு கதை?"

"பிரமாதம். விறுவிறுன்னு போகுது."

"இப்ப என்ன நடக்குது?"

"அந்தப் பொண்ணு போய்க்கிட்டே இருக்கா. கழுதையும் கூடவே போகுது."

 என் கோபம் ஊருக்கே தெரியும். பால் பொங்குகிற மாதிரி உடனே வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. புத்தகத்தை அவர் கையிலிருந்து மெதுவாக எடுத்தேன். அவர் முகத்துக்கு நேராக என் கையை நீட்டி, "எத்தனை விரல்?" என்றேன்.

"ஏய், என்ன விளையாட்டு இது?"

"எத்தனை விரல்னு கேட்டேன்."

முகத்தை லேசாகப் பக்கவாட்டில் திருப்பினார். கோழி பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. "மூணு" என்றார். சரிதான், மூன்றுதான். ஆனால் அந்தத் திருப்பலை நான் பல மாதமாகப் பார்த்திருக்கிறேன். கழுத்துப் பிடிப்பு என்று சொல்லியிருந்தார். நானும் எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேன், முட்டாள்!

குட்டு உடைந்த பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஏழு மாதத்துக்கு முன்னால் தனியாக ஒரு கண் மருத்துவரிடம் போயிருக்கிறார். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டதாம். இரண்டு கண்ணிலும். போனது போனதுதானாம், திரும்ப வராதாம்.

"ஓரமெல்லாம் நல்லா தெரியுது. சுவர், மரம், பக்கத்து வண்டி, எல்லாம் தெரியும். நேரா எதைப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது. எச்சில் தொட்டு அழிச்ச மாதிரி இருக்கும்."

"அந்த நாற்காலி?"

"அதுக்கு நேராத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"ஏழு மாசமா இப்படியேதான் வண்டி ஓட்டினீங்களா? வண்டி நிறைய ஆளை வச்சுக்கிட்டு? உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" இப்போது பால் பொங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. கத்தினேன். அழுதேன். மறுபடி கத்தினேன்.

அவர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார். "உன் முகத்தைப் பார்த்தும் ஏழு மாசம் ஆச்சு. அதையும் சேர்த்துத் திட்டிடு."



புதன்கிழமை காலையில் விசில் வந்தார். இவரோடு பதினெட்டு வருஷமாக ஓடும் நடத்துநர். வாயில் எப்போதும் விசில் இருப்பதால் அதுவே பெயராகிவிட்டது. என்னைப் பார்த்ததும் "அண்ணி, அண்ணனை நல்லா கவனிச்சுக்குங்க" என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கதவுக்கு இந்தப் பக்கம் காதை வைத்துக் கேட்டேன். எனக்கு அதில் வெட்கமெல்லாம் கிடையாது.

"மூணாவது வரி. ஏழு, ரெண்டு, ஒன்பது, நாலு. சொல்லுங்கண்ணே."

"ஏழு, ரெண்டு, ஒன்பது, நாலு."

"நாலாவது?"

"ஆறு, மூணு, அஞ்சு, எட்டு, ரெண்டு."

பணிமனை மருத்துவ அறையில் தொங்கும் அட்டையில் உள்ள எண்கள். வருஷக்கணக்காக அதே அட்டைதானாம். கண் மங்கிய ஓட்டுநர்கள் எல்லாரும் அதை மனப்பாடம் பண்ணித்தான் தாண்டியிருக்கிறார்கள். ஒருவர் ஓய்வு பெறும்போது அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்களாம்.  ஊரில் எத்தனை வண்டி அந்த எண்களை நம்பி ஓடியதோ!

விசிலை வாசலில் மடக்கினேன். "தம்பி, உங்க பொண்ணும் அந்த வண்டியிலதானே பள்ளிக்கூடம் போறா?"

அவர் முகம் சுண்டிவிட்டது. "நான் கூடவே இருக்கேன் அண்ணி. ஆள் குறுக்க வந்தா ரெண்டு விசில் அடிப்பேன், அண்ணன் பிரேக்கைப் போட்டுடுவாரு. இத்தனை மாசமா அப்படித்தான் ஓட்டினோம்."

"அன்னைக்கு நாற்காலி?"

"அன்னைக்குச் சில்லறை எண்ணிக்கிட்டு இருந்துட்டேன்" என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே வந்து, "நீங்களே உண்மையைச் சொல்லிடுங்க" என்றேன். "எழுத்து வேலையோ, டிக்கெட் ஜன்னலோ, ஏதாவது குடுப்பாங்க."

"எழுத்தே தெரியாதவனுக்கு எழுத்து வேலையா?" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு மாசம். அதோட எல்லாரையும் மாதிரி கௌரவமா இறங்கிடறேன். ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கிறப்ப மட்டும்தான் எனக்குக் கண்ணு போனது ஞாபகம் வராது. அதையும் பிடுங்கிட்டா நான் எங்கதான் போவேன்? நீ வாயைத் திறக்கக் கூடாது. திங்கக்கிழமை வரைக்கும்."

"சரி" என்று சொல்லித் தொலைத்தேன். அந்த மாதிரி ஒரு குரலில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சொன்ன மறு நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு மதியத்திலிருந்து நான் அவருக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். வேறு என்ன செய்ய? சும்மா உட்கார்ந்திருந்தால் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்திருப்போம். கழுதைக் கதையின் முதல் பக்கத்தை எடுத்தேன். மலை ஏறத் தொடங்கும்போது அந்தப் பெண்ணிடம் மூன்று ரொட்டியும் ஒரு கழுதையும் இருக்கும். முதல் பத்துப் பக்கத்திலேயே மூன்று ரொட்டியையும் கழுதை தின்றுவிடும். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "புத்திசாலிக் கழுதை. மேல படி, மேல படி" என்றார். மூன்றாவது பாரம் வந்ததும் புத்தகத்தைக் கவிழ்த்துப் பிடித்துப் படித்தேன். முப்பத்து மூன்றாம் பக்கம், கழுதை பாலத்தில் நின்றுவிடுகிற இடம், அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த வாரத்தில் அதை மட்டும் ஏழெட்டுத் தடவை படிக்கச் சொல்லியிருப்பார். திரும்பத் திரும்பத் தேட அலுத்துப்போய், அங்கே ஒரு தையல் நூலை அடையாளம் வைத்தேன்.

சாயங்காலம் ஆனால் நடப்போம். அவருடைய வண்டி ஓடும் வழியிலேயே நடப்போம். அதுதான் அவருக்கு வேண்டும். என் தோளைத் தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவார். "இங்க ஒரு மேடு. இங்க இடப்பக்கம் ஒரு பேக்கரி, எட்டு மணிக்கு வாசம் வரும். இந்த நிறுத்தத்துல ஒரு டீச்சர் ஏறுவாங்க, ஒரு நாளும் சில்லறை கொண்டுவர மாட்டாங்க." எனக்கு அந்தத் தெருக்கள் எல்லாம் புதிது. முப்பத்தோரு வருஷமாக என் புருஷன் எந்த உலகத்துக்குப் போய் வந்தார் என்று அந்த நாலு நாளில்தான் தெரிந்துகொண்டேன். பேச்சுக்கு நடுவில் சில சமயம் உதடு மட்டும் அசையும். காலடியை எண்ணுகிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு காதில் விழுந்தது. ஆறு, மூணு, அஞ்சு, எட்டு, ரெண்டு.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். புதனும் வியாழனும் வெள்ளியும் நான் சந்தோஷமாக இருந்தேன். கல்யாணமான புதிதில்கூட அப்படி இருந்ததில்லை. ஒரு பக்கம் பயம் இருக்கும், இன்னொரு பக்கம் மனசு துள்ளும். மகள் தொலைபேசியில், "என்னம்மா, குரல்ல ஒரே குஷியா இருக்கே?" என்றாள். "அப்பா கூட ஊர் சுத்துறேன்டி" என்றேன். திங்கட்கிழமை என்று ஒரு நாளே வராமல் போய்விடாதா என்று வேண்டினேன். என் சந்தோஷத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவருக்காக என்று சொன்னால் அது பொய்.

சனிக்கிழமை அந்தக் குழந்தை வந்தது.

பூங்காவை ஒட்டிய நடைபாதை. நல்ல வெளிச்சம், நாலு மணிகூட ஆகவில்லை. நான் செருப்பு வார் அறுந்து இரண்டு அடி பின்தங்கினேன். அவர் தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தார். பாதையின் நடுவில் ஆறு வயசு இருக்கும் ஒரு சிறுமி, சிதறிப்போன கலர் பென்சில்களைக் குந்தி உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். சிவப்புச் சட்டை. யாருக்கும் தெரியும். இவர் நேராக அவளையே பார்த்துக்கொண்டு நடந்தார். "ஏங்க!" என்று நான் கத்துவதற்குள் அவர் கால் அவள் கையை மிதித்துவிட்டது.

அலறினாள். பென்சில்களை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, மிதிபட்ட கையை உதறிக்கொண்டு, "தாத்தா, கண்ணு தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

தெருவில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான். இவர் அப்படியே நின்றார். பிறகு அவள் உயரத்துக்குக் குனிந்து, "தெரியாதும்மா" என்றார்.

அவள் அம்மா ஓடி வந்தாள். விரல் வீங்கியிருந்தது, எலும்புக்கு ஒன்றும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வாய் வலித்தது. இவர் மண்டியிட்டு, தரையைக் கையால் தடவித் தடவி, எல்லாப் பென்சிலையும் பொறுக்கிக் கொடுத்தார். ஒன்று பாக்கி இருந்தது. அவர் முகத்துக்கு நேராகத்தான் கிடந்தது. அதை நான்தான் எடுத்தேன்.

 இவர் மனசு மாறிவிட்டார் என்றுதான் நம்பினேன். குழந்தையிடம் அவரே வாய்விட்டுச் சொன்னாரே! ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது. ஏழு, ரெண்டு, ஒன்பது, நாலு.

"இன்னுமா?" என்றேன்.

"நடக்கிறது வேற, ஓட்டுறது வேற" என்றார். "வண்டியில நான் ஒருத்தன் இல்ல. விசில் இருக்கான்."

"அந்தப் பொண்ணு கையில ஏறினது உங்க செருப்பு. சக்கரமா இருந்தா?"

"வாயைக் கழுவு!" என்று முதல் தடவையாகக் கத்தினார். "நீ சத்தியம் பண்ணியிருக்கே."

"சத்தியம் பண்ணல. சரின்னு சொன்னேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.  கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் கெஞ்சினேன். காலைப் பிடிக்காத குறை. அசையவில்லை. மத்தியானம் கழுதைக் கதையை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்தைத் திருப்பாமலே, "அந்தப் பாலத்து இடம்" என்றார். படித்தேன். உதட்டை அசைத்து என்னோடு கூடவே சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் வந்தது. அந்தப் பக்கமும் மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது அவருக்கு. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை என்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பக்கத்தை இன்னும் ஒரு தடவை படித்துக் காட்டினேன்.

திங்கட்கிழமை அவருக்கு நானே சட்டை இஸ்திரி போட்டேன். காகிதங்களை எடுத்துக்கொண்டு கூடவே போனேன். "உள்ளே வராதே" என்றார். "கையெழுத்துப் போடற இடத்தை யார் காட்டுவாங்க?" என்றதும் மடங்கிவிட்டார்.

டாக்டரம்மா சின்ன வயசு. மேசையில் கோப்புகள் குவிந்து கிடந்தன. இவருக்கு முன்னால் ஏழு பேர், பின்னால் பதினோரு பேர். ரத்த அழுத்தம் பார்த்தார், மூச்சை இழுக்கச் சொன்னார். அப்புறம் எதிர்ச் சுவரில் தொங்கிய அட்டையைக் காட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னார். இவர் நிமிர்ந்து நின்று படித்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, தெளிவாக. அடுத்த கண். அதுவும் தெளிவாக. ஒரு இடத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். 

"நல்லாத்தானே இருக்கு" என்று டாக்டரம்மா பேனாவைத் திறந்தார்.

நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். அது பையின் வாரில் மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. "டாக்டரம்மா, ஒரு நிமிஷம். இதையும் அவரைப் படிக்கச் சொல்லிப் பாருங்க."

"எதுக்கும்மா? தூரப் பார்வைதான் எங்களுக்கு முக்கியம்."

"ஒரே ஒரு பக்கம். உங்க காலைத் தொட்டுக் கேட்கிறேன்."

இவர் என் பக்கம் தலையைத் திருப்பினார். அந்தக் கோழிப் பார்வை. என் முகம் தெரிந்திருக்காது. என் குரலில் இருந்தது மட்டும் தெரிந்திருக்கும். நான் நூல் வைத்த இடத்தைத் திறந்து, அட்டை நேராக இருக்கும்படி அவர் கையில் வைத்தேன். அவர் விரல் பக்கத்தின் மேல் தடவிப் போய், நூலைத் தொட்டது. முகம் தெளிந்துவிட்டது. நான் காப்பாற்றத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். டாக்டருக்குச் சந்தேகம் எதுவும் மிஞ்சக் கூடாது என்று அவருக்குத் தெரிந்த பக்கத்தையே எடுத்துக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். ஐயோ, அந்தச் சிரிப்பு!

படிக்க ஆரம்பித்தார்.

"பாலத்தின் நடுவில் கழுதை நின்றுவிட்டது. கீழே தண்ணீர் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. அவள் கயிற்றை இழுக்கவில்லை. அடிக்கவும் இல்லை."

நான் எங்கே மூச்சு விடுவேனோ அங்கே மூச்சு விட்டார். நான் எங்கே குரலை இறக்குவேனோ அங்கே இறக்கினார். டாக்டரம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் தற்செயலாகப் புத்தகத்தில் விழுந்தது. விழுந்து அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டரம்மா எழுந்து மேசையைச் சுற்றி வந்து, இவர் கையில் இருந்த புத்தகத்தை இரண்டு விரலால் பிடித்து, மெதுவாக, மேல்பக்கம் கீழே வரும்படி கவிழ்த்து வைத்தார். இப்போதுதான் எழுத்து நேரானது.

இவர் நிறுத்தவில்லை.

"அதன் காதருகே போய், எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று சொன்னாள். பிறகு இருவரும் நெடுநேரம்..."

அங்கேதான் நின்றார். கட்டை விரலால் அட்டையைத் தடவினார். புத்தகம் ஏன் திருப்பப்பட்டது என்று அவருக்கு உறைத்த நேரத்தை நான் பார்த்தேன். காதிலிருந்து கழுத்து வரைக்கும் நிறம் மாறியது. புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். சத்தமே இல்லாமல் வைத்தார்.

"எத்தனை நாளா சார்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஏழு மாசமா" என்றார்.

தகுதி இல்லை என்று எழுதி முத்திரை குத்தினார்கள். கையெழுத்துப் போடும் இடத்தை நான் விரலால் காட்டினேன். என் விரலைத் தொடாமல் போட்டார். அவர் அதைப் போட்ட பிறகு டாக்டரம்மா நாற்காலியில் ஏறி, சுவரில் இருந்த அட்டையைக் கழற்றிக் கீழே வைத்தார். வெளியே வரிசையில் இருந்த பதினோரு பேரும் எங்களைப் பார்த்தார்கள். வாசலில் விசில் நின்றுகொண்டிருந்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஒதுங்கிக்கொண்டார்.

பேருந்தில் ஏறவில்லை. நடந்தோம். பதினாலு நிறுத்தம். அவர் எனக்கு முன்னால் தனியாக நடந்தார். தெருவைக் கடக்க வேண்டிய இடம் வந்தால் நின்றுவிடுவார். திரும்பிப் பார்க்க மாட்டார், கையை மட்டும் பின்னால் நீட்டுவார். நான் பிடித்துக் கடத்திவிடுவேன். அந்தப் பக்கம் போனதும் உதறிவிடுவார். பேக்கரி வந்தது, மேடு வந்தது, டீச்சர் ஏறும் நிறுத்தம் வந்தது. எதையும் சொல்லவில்லை. முடிதிருத்தும் கடை வாசலில் ஒரு புது நாற்காலி கிடந்தது. அதில் கடைக்காரர் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார். அவர் இருப்பது இவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். குடிக்கவில்லை. புத்தகம் பையிலேயே இருந்தது. எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. இந்த மனிதர் இனிமேல் என்னோடு பேசாமலே கிடந்து செத்துப்போவார் என்று நினைத்தேன். செய்தது சரிதான் என்று ஆயிரம் தடவை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், ஒரு தடவைகூட ஆறவில்லை.

ரொம்ப நேரம் கழித்து, "அது தலைகீழா இருக்கிற பக்கம்னு தெரிஞ்சுதானே குடுத்தே?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"முந்தின நாள் படிச்சுக் காட்டினது?"

"அதுவும் தெரிஞ்சுதான்."

தலையை ஆட்டிக்கொண்டார். கை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தது.

"நான் சரியாத்தானே சொன்னேன்?" என்றார்.

"ஒரு வார்த்தை பிசகல" என்றேன்.

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவருக்கு என் முகம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்டிருக்கும்.